ஆய்வுத் தரவு மேலாண்மை பழகும் அறிவியல் நூலகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் அறிவியல் நூலகர்களுக்கு ஆய்வுத் தரவு மேலாண்மையில், அதாவது ஆய்வில் திரட்டிய தரவைப் பாதுகாத்து, விளக்கி, பகிரும் பணியில், பயிற்சி அளிக்கும்போதெல்லாம், எங்கள் தலைமுறை பட்டுத் தெளிந்த தவறுகளையே புதியவர்களும் செய்வதைக் காண்கிறேன். காப்புப் பிரதி எடுக்காமை, கோப்புக்கு 'இறுதி', 'புதிய இறுதி' என்று பெயரிடுதல் போன்றவற்றை இங்கே விவரிக்கப் போவதில்லை. அவை ஒருமுறை சொன்னாலே புரிபவை.

மூலக் கோப்பை எக்செல்லில் திறந்து சேமித்தல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஆய்வாளர் அனுப்பிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளிகளால் பிரித்த எளிய உரை அட்டவணையை) நூலகர் இருமுறை சொடுக்கித் திறக்கிறார், ஒரு தலைப்பின் எழுத்துப் பிழையைத் திருத்துகிறார், சேமித்துவிட்டுத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றுகிறார். தாம் தொட்டது ஒரு கட்டம் மட்டுமே என்று அவர் உறுதியாக நம்புகிறார். ஆனால் திறந்த கணத்திலேயே எக்செல் தன் விருப்பப்படி பல கட்டங்களை மாற்றிவிட்டிருக்கும். சேமித்தபோது அந்த மாற்றங்கள் நிலைத்துவிடும்.

தென்சென்னைக் கிணற்று நீரின் தரத்தைப் பதிவு செய்த ஒரு தரவுத்தொகுப்பில் இதை நேரில் கண்டேன். அந்த ஆய்வகத்தில் 12 என்பது ஒரு கிணறு. 012 என்பது பிறகு சேர்த்த வேறொரு கிணறு. முன்னிருந்த சுழியை எக்செல் நீக்கியதால் இரண்டும் ஒரே கிணறாயின. தேதிகளுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். நீரை அளந்த கருவி மாதத்தை முதலில் எழுதும் வழக்கமுடையது. நூலகரின் கணினியோ இந்திய முறையில் நாளை முதலில் படிப்பது. ஆகவே ஏப்ரல் 7ஐக் குறித்த 04/07/2018 என்பது ஜூலை 4 ஆகி, 04-07-2018 என்று சேமிக்கப்பட்டது. 04/25/2018 போன்றவற்றைத் தேதியாகக் கொள்ள முடியாததால் எக்செல் அவற்றை அப்படியே விட்டுவிட்டது. ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் சாய்கோட்டுடனும் சில சிறுகோட்டுடனும் நின்றதைப் பார்த்துத்தான் ஐயம் எழுந்தது. அதற்குள் கருவியோடு இணைந்திருந்த கணினியைத் துடைத்துப் புதுப்பித்துவிட்டார்கள். ஆய்வாளர் கையெழுத்துக் குறிப்பேடுகளைப் புரட்டி ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

இது ஓர் ஆய்வகத்தின் தனிச்சிக்கல் அன்று. 'மார்ச்1' என்ற மரபணுப் பெயரை எக்செல் மார்ச் 1ஆம் தேதியாக மாற்றிய தொல்லை பல ஆண்டுகள் நீடித்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020இல் அத்தகைய பெயர்களையே மாற்ற நேர்ந்தது. 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களில் 16ஆம் இலக்கம் முதல் எல்லாம் சுழியாகிவிடும். தமிழில் எழுதிய ஊர்ப்பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறுவதும் உண்டு.

நூலகர்கள் இதில் ஏன் எளிதாகச் சிக்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பட்டியலில் முரண்பட்ட பதிவைக் கண்டால் சீர்படுத்துவது நம் தொழிலின் அடிப்படைக் கடமை. நல்ல நூலகருக்குக் கை தானாகவே அங்கே போகும். ஆனால் தரவில் அந்த முரண்பாடே ஆய்வாளர் பதிவு செய்த செய்தியாக இருக்கலாம். எனவே திருத்தம் தேவையெனத் தோன்றினால் எழுதிக் கேளுங்கள், நீங்களே செய்யாதீர்கள்.

கோப்பு கைக்கு வந்தவுடன் அதைப் படிக்க மட்டும் இயலும் கோப்புறையில் வைத்து, அதன் ஷா-256 மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீட்டை) குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு முன் மறுபடி கணக்கிட்டால் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். உள்ளே பார்க்க விரும்பினால் ஓப்பன்ரிஃபைன் என்ற இலவசத் தரவுச் செம்மையாக்க மென்பொருளில் பாருங்கள். எக்செல்லே வேண்டுமென்றால், இறக்குமதி வழியில் சென்று எல்லா நெடுவரிசைகளையும் 'உரை' என்று குறியுங்கள். தேதிகளை 2018-04-07 என்ற வடிவில் எழுதச் சொல்வது நல்ல அறிவுரைதான். ஆனால் இருமுறை சொடுக்கித் திறந்து சேமித்தால் அந்த வடிவமும் மாறிவிடும்.

ஃபேர் கொள்கைகளிலிருந்து பயிற்சியைத் தொடங்குதல்

தரவு கண்டறியவும் அணுகவும் பிற தரவுகளோடு இணைந்து இயங்கவும் மறுபடி பயன்படுத்தவும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பவை ஃபேர் கொள்கைகள். 2016இல் வெளியான அந்த 15 கொள்கைகளை முதல் நாளே மனப்பாடம் செய்தவர், மறுநாள் உண்மையான கோப்பு ஒன்றைக் கண்டு திகைக்கிறார். முதலில் ஓர் ஆய்வகத்தின் சீரற்ற கோப்பைக் கொடுத்து, அதற்கு விளக்கக் குறிப்பு எழுதச் சொல்ல வேண்டும். கொள்கைகளின் தேவை அப்போதுதான் புரியும்.

கட்டுரை அச்சேறும் நாளில் தரவைக் கேட்டல்

அளவெடுத்த மாணவர் அதற்குள் பட்டம் பெற்றுச் சென்றிருப்பார். திட்டம் தொடங்கும்போதே ஆய்வகத்துக்குச் செல்லுங்கள்.

அளவீட்டு அலகு குறிக்காத நெடுவரிசைகள்

ஏற்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள்.

நோயாளிகளின் பெயரை நீக்கினால் போதும் என எண்ணுதல்

வயது, அஞ்சல் குறியீடு, மருத்துவமனையில் சேர்ந்த நாள் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே ஆளை அடையாளம் காண முடியும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தையும் நோயாளி கையெழுத்திட்ட இசைவுப் படிவத்தையும் படித்த பிறகே, பகிரலாமா என்ற பேச்சைத் தொடங்க வேண்டும்.