சங்கிலியன் ஒருவரல்ல: யாழ்ப்பாண அரசின் கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரருக்கு ஊர் சுற்றிக் காட்டுவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. முத்திரைச் சந்தியில், குதிரைமேல் வாளோடு இருக்கும் சங்கிலியன் சிலைக்கு முன்னால் படம் எடுத்து முடிந்ததும், பெரியவர் யாராவது பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தொடங்குவார். "இவர்தான் மன்னாரிலை வேதத்துக்கு மாறின சனத்தை வெட்டின ராசா. அந்தக் கோபத்திலை பறங்கியர் வந்து பிடிச்சு, கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றவங்கள்." ஒரே மூச்சில் இரண்டு அரசர்கள் ஒருவராகிவிடுவார்கள். நடுவே இருந்த 75 ஆண்டுகளும் காணாமல் போய்விடும்.

மன்னாரில் கத்தோலிக்க வேதத்துக்கு மாறியவர்களின் படுகொலை நடந்தது 1544இல். செய்வித்தவர் முதலாம் சங்கிலி. 1519 முதல் 1561 வரை ஆண்டவர். 1560இல் கோவாவிலிருந்து பறங்கியரின், அதாவது போர்த்துக்கேயரின், அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சாவே படையோடு வந்து நல்லூரைப் பிடித்தபோது, வன்னிப் பக்கம் ஒதுங்கித் தப்பினார். சனம் கிளர்ந்தெழவே, வந்தவர்கள் மன்னார்த் தீவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள். கோவாவில் மரணதண்டனை பெற்றவர் வேறு ஆள்: 1617இல் ஆட்சியைப் பிடித்து 1619இல் தோற்ற சங்கிலி குமாரன்.

பெரியவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதியது ஒல்லாந்தர் காலத்தில், ஏறத்தாழ 1736இல். அரசு விழுந்து நூறு வருடம் தாண்டிவிட்டது. அந்த நூலிலேயே சங்கிலிகள் ஒருவராகக் கலந்துபோனார்கள். போதாக்குறைக்கு ஆரியச்சக்கரவர்த்திகள் எனப்பட்ட யாழ்ப்பாண அரசர்கள் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற இரண்டு பட்டப்பெயர்களையே மாறிமாறிச் சூடிக்கொண்டவர்கள். ஓர் ஏட்டில் பரராசசேகரன் என்று கண்டால், எந்தப் பரராசசேகரன் என்று கேட்காமல் ஆண்டு போடக்கூடாது.

இரண்டாவது தவறு, 1619இல் ஒரே போரில் எல்லாம் முடிந்தது என்பது. என்னைக் கேட்டால், அரசு உயிரை விட்டது 1591இல். அந்த ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி அந்திரே புர்த்தாடோ நல்லூரைத் தாக்கி, அரசனைக் கொன்று, எதிர்மன்னசிங்கத்தைச் சிம்மாசனத்தில் இருத்தினார். முடி தமிழனுடையது, பிடி பறங்கியுடையது. ஆனாலும் எதிர்மன்னசிங்கத்தை வெறும் பொம்மை என்று தள்ளிவிடுவதும் சரியில்லை. போர்த்துக்கேயரை எதிர்த்த கண்டி அரசுக்கு உதவி போகும் வழியை முழுதாக அடைக்காமல், போர்த்துக்கேயரையும் முற்றாகப் பகைக்காமல் 1617 வரை ஓட்டியவர். அவர் இறந்ததும் வாரிசு சின்னப் பிள்ளை. அந்த இடைவெளியில் புகுந்தவர்தான் சங்கிலி குமாரன். உள்ளூரிலும் அவருக்கு எதிர்ப்பு இருந்தது. தஞ்சை நாயக்கரிடம் படை கேட்டார். 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் த ஒலிவேரா வந்தபோது வீழ்ந்தார். தஞ்சைப் படையோடு சேர்ந்த கிளர்ச்சிகள் அதன் பிறகும் 1621 வரை நடந்தன.

சரி, பறங்கியர் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? மதம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது மூன்றாவது தவறு. மன்னார் முத்து, வன்னி யானை, பாக்குநீரிணையின் காவல் எல்லாம் கணக்கில் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்டி. தென்னிந்தியாவிலிருந்து கண்டிக்குப் படை இறங்கக்கூடிய பின்கதவு யாழ்ப்பாணம். அதைப் பூட்டாமல் அவர்களால் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டு நண்பர்களோடு பேசும்போது இன்னொரு குழப்பம் வரும். "உங்கட ராசாவும் புதுக்கோட்டை மாதிரி ஒரு சமஸ்தானமா?" இல்லை. புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் ஆங்கிலேயரின் கீழ் முடியோடு நீடித்து 1948இல் இந்தியாவோடு இணைந்தவர்கள். தஞ்சை மராத்தியர் 1799இல் அதிகாரத்தைக் கொடுத்துப் பட்டத்தை வைத்துக்கொண்டார்கள். 1855இல் வாரிசில்லை என்று அதுவும் போனது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலேயர் 1795இல் வந்தபோது பேரம் பேச அரசரே இல்லை. 1658இல் ஒல்லாந்தர் வந்தபோதும் இல்லை.

கட்டடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டை ராசாவுடையது அல்ல. போர்த்துக்கேயர் கட்டியது, இன்றைய ஐங்கோண வடிவம் ஒல்லாந்தருடையது. அரசன் இருந்தது நல்லூரில். சங்கிலியன் தோப்பு வளைவைக் காட்டி "அரண்மனை வாசல்" என்பார்கள்; அதிலுள்ள ஐரோப்பியச் சாயல் அப்பட்டமாகத் தெரியும். இன்றைய கந்தசுவாமி கோவிலும் அரசர் கும்பிட்ட கட்டடம் அல்ல. அரசர் கும்பிட்டதை ஒலிவேரா 1621இல் இடித்தார். இப்போதுள்ளது 1734இல் மாப்பாண முதலியார் வேறிடத்தில் தொடங்கிய கோவில்.

அந்தக் கோவிலில்தான் இந்தக் கதையைத் தமிழர், சிங்களவர் என்று இன்றைய கண்ணாடி போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு திகைப்பு காத்திருக்கிறது. பூசையில் சொல்லும் கட்டியம் என்ற புகழ் வாசகத்தில் வரும் பெயர் சங்கிலி அல்ல, ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு. தெற்கே கோட்டை என்ற சிங்கள இராச்சியத்தை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவுக்காக 1450இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, 17 வருடம் இங்கிருந்து ஆண்ட செண்பகப் பெருமாள் என்ற சபுமல் குமாரயன், பிறகு அந்தக் கோட்டை இராச்சியத்தில் முடிசூடியபோது எடுத்த பெயர் புவனேகபாகு. போன ஆவணியில் கட்டியத்தைக் கேட்ட மருமகன் வெளியே வந்ததும், "மாமா, அது ஆர்?" என்றான். நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் கையிலிருந்த ஐஸ்கிரீம் பாதி உருகிவிட்டது.