கோவா (முட்டைக்கோஸ்) நடப் போகிறீர்களா? மலையகத்து வீட்டுத்தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரக்கறி விலையைக் கேட்டுக் கேட்டு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற துண்டு நிலத்தைக் கொத்திக்கொண்டு நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கச் சந்தோஷம்தான், ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் ஆடிய அதே கூத்தையே இவர்களும் ஆடும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. தண்ணீர் ஊற்று, களை பிடுங்கு என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

கண்ட இடத்து நாற்றை மண்ணோடு கொண்டு வருவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். கோவா நாற்று மலிவாகக் கிடைக்கிறது என்று யாரோ ஒருவர் தோட்டத்தில் பிடுங்கியதை, வேரில் ஒட்டிய மண்ணோடு ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வருவார்கள். மண் இருந்தால் வாடாதாம். சரி, வாடாது. அந்த மண்ணிலேயே கிளப்ரூட் என்கிற வேர் வீக்க நோயும் வந்து சேரும்.

போன மழைக்காலத்தில் மேல் லயத்துத் தம்பி ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, காலையில நல்லாத்தான் நிக்குது, வெயில் ஏறினா தொங்கிப்போகுது, அந்திக்குத் திரும்ப எழும்புது. தண்ணி பத்தலையோ?" போய்ப் பார்த்தால் ஊற்றி ஊற்றிப் பாத்தியே சேறாகிக் கிடந்தது. ஒரு செடியைப் பிடுங்கச் சொன்னேன். சல்லி வேர் ஒன்றைக்கூடக் காணோம். இஞ்சிக் கிழங்கு மாதிரி விரல் விரலாக வீங்கிய வெள்ளைக் கட்டிகள்தான் இருந்தன, ஒன்றிரண்டு அழுகி நாற்றமும் அடித்தது. இந்த வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, அதனால்தான் வெயிலில் செடி தொங்குகிறது. நாம் ஊற்றுகிற தண்ணீர் நோய்க்குத்தான் உதவும், ஏனென்றால் அந்தக் கிருமி ஈர மண்ணில் நீந்தித்தான் அடுத்த வேரைப் பிடிக்கிறது.

பிடித்த செடிக்கு மருந்து கிடையாது. அந்தக் கிருமியின் வித்துகள் 10 வருஷத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். கோவாவை விட்டுவிட்டு ராபு (முள்ளங்கி) போடலாம் என்றால் அதுவும் அதே குடும்பம்; நோக்கோல், கோலிஃபிளவர், கடுகு எல்லாமே அப்படித்தான். நம்முடைய மண் வேறு அதற்குத் தோதானது. தேயிலைக்குப் பிடித்தது பி.எச் 4.5 முதல் 5.5 வரையான புளிப்பு மண், கிளப்ரூட்டுக்கும் புளிப்பு மண்தான் பிடிக்கும். டொலமைட்டோ சுண்ணாம்போ போட்டு 7க்குக் கிட்டக் கொண்டுவந்தால் நோய் அடங்கும், ஒழியாது. அதையும் நடுகிற அன்றைக்குத் தூவிப் பிரயோசனமில்லை, மூன்று நான்கு கிழமைக்கு முன்பே நன்றாகக் கொத்திக் கலக்க வேண்டும். சுண்ணாம்போடு சேர்த்து யூரியாவையும் போட்டால் யூரியாக் காசு அமோனியாவாக ஆகாயத்துக்குப் போய்விடும்.

அந்தத் தம்பி அதோடு விட்டாரா? பிடுங்கிய செடிகளை வீணாக்க மனசில்லாமல் மாட்டுக்குப் போட்டார். மாட்டின் வயிற்றுக்குள் போய் வந்தாலும் அந்த வித்து சாகாது, அடுத்த பாத்திக்குச் சாணியோடு திரும்ப வரும். நோய்ச் செடியைக் காய வைத்து எரித்துவிடுங்கள். மண்வெட்டியை இரவல் கொடுத்தால் கழுவி வாங்குங்கள். நாற்றை உங்கள் வீட்டிலேயே, சுத்தமான மண்ணில் விதை போட்டு எடுங்கள். நோய் வந்த இடத்தில் கரட், லீக்ஸ், போஞ்சி, பீட்ரூட் என்று பல வருஷத்துக்கு ஓட்டுங்கள், கோவா ஆசையை அடக்கிக்கொண்டு.

பச்சைச் சாணி

2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது கிடைத்த எருவையெல்லாம் மக்காமலே கொட்டிப் பழகினவர்கள் இன்னும் அப்படியே கொட்டுகிறார்கள். கரட் பாத்தியில் மட்டுமாவது வேண்டாம். பச்சை எருவும் கல்லும் மண்கட்டியும் இருந்தால் கரட் இரண்டு மூன்று காலாகப் பிரிந்து நிற்கும்.

சரிவோடு பாத்தி பிடிப்பது

முதல் அடைமழைக்கே மேல்மண் ஆற்றில். குறுக்கே பிடியுங்கள்.

ஹட்டன்காரர் சொன்னார் என்று பண்டாரவளையில் நடுவது

ஜூன், ஜூலையில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மழை விடாது. அதே நாட்களில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் காற்றும் வறட்சியுமாக இருக்கும். அந்த ஊர்கள் இருக்கிற ஊவாவுக்கு மழை ஒக்டோபருக்குப் பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். மாமா ஹட்டனில் என்றைக்கு நட்டார் என்பதை விடுங்கள், பக்கத்துத் தோட்டத்துக் கிழவியைக் கேளுங்கள்.

ஜனவரியில் நுவரெலியாவில் போஞ்சி

உறைபனியில் ஒரே இரவில் கருகும். உருளைக்கிழங்கு நட்டிருந்தால், பனி விழுந்த காலையில் வெயில் படுவதற்கு முன் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள்.

லீக்ஸை மேலாக நடுவது

ஆழமாகக் கான் வெட்டி நடுங்கள், வளர வளர மண் அணையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைத் தண்டு விரலளவுதான் கிடைக்கும்.