சிவப்பு ஜின்செங்கைக் குறுக்காதீர்கள்

கொரியாவில் வேலை செய்யும் பிள்ளைகள் விடுமுறையில் கொண்டுவரும் சிவப்பு ஜின்செங் என்ற மருந்து வேர், மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடிப் பக்கம் பல வீட்டு அலுமாரிகளில் கிடக்கிறது. அதைக் கையில் எடுத்தால் நம்மவர் உடனே மருந்துக் குடிநீர்க் கணக்குக்குப் போய்விடுவார்கள்: எட்டுப் பங்கு தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு பங்காகக் குறுக்குவது. நான் பரியாரி (நாட்டு வைத்தியர்) வீட்டில் வளர்ந்தவள். அந்தக் கணக்கை மதிக்கிறேன். இந்த வேருக்கு மட்டும் அது வேண்டாம்.

இது ஏற்கெனவே ஆவியில் அவித்துக் காயவைத்த வேர். அவியும்போது அதன் மாப்பொருள் பசையாகி, காய்ந்ததும் கண்ணாடிபோல் இறுகிவிடும். நீர் மெதுவாகத்தான் உள்ளே போகும். நாம் தேடும் மருந்துச் சத்துகளான ஜின்செனோசைட்டுகளில் ஆர்பி1, ஆர்ஜி1 போன்றவை நீண்ட கொதியில் சிதைந்து, நீரில் அவ்வளவாகக் கரையாத வகைகளாக மாறுகின்றன. புளிப்பு அந்தச் சிதைவை விரைவுபடுத்தும். ஆகவே தேசிக்காயைப் பானைக்குள் பிழியாதீர்கள். ஆசையென்றால் குடிக்கும் கோப்பையில் விடுங்கள்.

முதலில் 10 கிராம் வேரை இடியப்பத் தட்டில் வைத்துச் சில நிமிடம் ஆவி காட்டுங்கள். இளகியதும் மெல்லிய வில்லைகளாக வெட்டுங்கள். மாவாக இடித்தால் குழம்பிப்போய் வடிக்கவே முடியாது. கண்ணாடிப் போத்தலில் 200 மில்லிலீற்றர் நீரில் இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் ஊறட்டும். கடலோரக் கிணறுகளில் உவர் உண்டு. உன்னிச்சைக் குளத்துக் குழாய்நீர் கிடைத்தால் அதையே எடுங்கள்.

காலையில் ஊறிய நீரோடும் வேரோடும் அந்தப் போத்தலை, அடியில் துணி விரித்து, பச்சைத் தண்ணீர் உள்ள சட்டியில் இறக்கி, சிறு தீயில் சூடேற்றுங்கள். சட்டி நீர் ஆவி விடலாம், தளதளக்கக் கூடாது. மூன்று மணித்தியாலம் கழித்து வடித்து, அதே வேருக்குப் புதிதாக 150 மில்லிலீற்றர் வெந்நீர் ஊற்றி இரண்டு மணித்தியாலம் வையுங்கள். முழு வித்தையும் இந்தப் புது நீரில்தான். சத்தேறிய நீர் மேலும் இழுக்கத் தயங்கும். வெறும் நீர் இழுக்கும். மூன்றாம் முறை தேவையா என்பதை நாக்கிடம் கேளுங்கள். கசப்பு இருந்தால், குலுக்கும்போது நுரை நின்றால், சபோனின் (ஜின்செனோசைட்டுகள் அடங்கும், நுரைக்கும் சத்து வகை) இன்னும் வருகிறது.

சாராயத்தில் ஊறப்போடலாமா என்று கேட்கும் மச்சான்மாருக்கு: கேள்வியில் அறிவு இருக்கிறது. ஆய்வுகூடங்களில் 70 வீத எதனோல் ஜின்செனோசைட்டுகளை நன்றாகவே இழுக்கிறது. ஆனால் வேரின் பல்சக்கரைட்டுகள் (நீண்ட சங்கிலிச் சர்க்கரைகள்) நீருக்குத்தான் இறங்கும். மதுசாரம் கூடக்கூட அவை வேரிலேயே தங்கிவிடும். வீட்டுக்கு நீர் போதும்.

அடுத்தமுறை பிள்ளையிடம் சொல்லும்போது ஆள் உருவ வேர் கேட்காதீர்கள். அது அலுமாரிக்கு அழகு. மெல்லிய பக்க வேர்களில் ஜின்செனோசைட்டு எடைக்கு எடை அதிகம், விலையும் குறைவு.

வடித்தவற்றைக் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஐந்து நாளுக்குள் ஒருவர் குடித்து முடிக்கலாம். வாஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து), நீரிழிவு மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் கிளினிக்கில் கேட்காமல் தொட வேண்டாம். எஞ்சிய வில்லைகளைக் கோழிக் கஞ்சியில் போடுங்கள். கொரியர்களும் கோழியோடுதான் ஜின்செங்கை அவிக்கிறார்கள்.