மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன்: பாசத்துல நாம பண்ற தப்புகள்

ஆபரேஷன் தேதி குறிச்சதும் வீட்டுல எந்த ஆஸ்பத்திரி, எவ்ளோ செலவு, காப்பீட்டு கார்டு எங்கன்னு எல்லாம் பேசுறாங்க, ஆனா ஆபரேஷன் பண்ற பக்கத்துக் கையைப் பத்தி யாரும் பேசுறதில்ல. பல பேருக்கு அக்குள்ல இருக்குற நெறிக்கட்டியையும் சேர்த்து எடுக்குறதால அப்புறம் ரொம்ப நாள் படுத்துறது அந்தக் கைதான்.

"கையை அசைக்காதம்மா, தையல் பிரிஞ்சிரும்"னு சொல்லி சோறு ஊட்டிவிட்டு, தலைவாரிவிட்டு, கையை மடியிலயே வச்சிருக்க விடுறோம் பாருங்க, இதுதான் பெரிய தப்பு. சில வாரத்துல தோள் இறுகிடும். அடுத்து ரேடியேஷன் இருந்தா மெஷினுக்குக் கீழ கையை தலைக்கு மேல தூக்கி வச்சுப் படுக்கணும், தூக்கவே முடியலன்னா அதுவும் தள்ளிப்போகும். டாக்டர் வேற மாதிரி சொல்லாத வரைக்கும் பொதுவா மறுநாள்ல இருந்தே விரலை மூடித் திறக்கலாம், முழங்கையை மடக்கலாம், தலையை அவங்களே வாரிக்கட்டும். காயத்துல தேங்குற நீரை வெளியேத்த வச்சிருக்குற ட்யூபை எடுக்குற வரைக்கும் முழங்கை தோள் மட்டத்துக்கு மேல போக வேணாம். எடுத்ததும் சுவத்தைப் பாத்து நின்னு விரலால மெதுவா மேல ஏறிப் போகணும், எட்டின இடத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டு வைங்க, மறுநாள் கோடு கொஞ்சம் மேல போனா அவங்களுக்கே ஒரு தெம்பு வரும். அதுக்காக தண்ணிக்குடம் தூக்குறது, துணி பிழியறது எல்லாம் கொஞ்ச வாரத்துக்கு கண்டிப்பா வேணாம்.

வலி மாத்திரை கிட்னிக்கு ஆகாதுன்னு எழுதிக் குடுத்ததையும் போடாம பல்லைக் கடிச்சிட்டு இருக்குறவங்க ஏராளம். வலி இருந்தா கையை அசைக்க மாட்டாங்க, நேரத்துக்குப் போட்டாதான் பயிற்சியே நடக்கும். கிட்னி பிரச்சனை ஏற்கனவே இருந்தா அதை டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

அப்புறம் ட்ரெயின் ட்யூப். அதைப் பாத்து பயந்து யாரும் தொடறதே இல்ல. டிஸ்சார்ஜ் ஆகும்போதே நர்ஸ்கிட்ட ஒருதடவை செஞ்சு காட்டச் சொல்லி, நீங்களும் அவங்க முன்னாடியே செஞ்சு பாத்துடுங்க: கையைக் கழுவிட்டு நீரைக் கொட்டி அளந்து, ட்யூப் முனையில நீர் சேருற பல்பை நல்லா அமுக்கிப் பிடிச்சபடியே மூடணும், அமுக்காம மூடினா அது இழுக்காது. தினமும் எத்தனை மில்லின்னு நோட்டுல எழுதுங்க, ஏன்னா பெரும்பாலும் ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழ வந்தாதான் எடுப்பாங்க. முதல்ல சிவப்பா வரும், போகப்போக வெளுத்து மஞ்சளாகும். வெளுத்தது திடீர்னு மறுபடி ரத்தமா வந்து நிரம்புச்சுன்னா உடனே போன் பண்ணுங்க. பல்பைத் தொங்க விடாதீங்க, ஒரு துணிப்பையில போட்டு கழுத்துல மாட்டிக்கலாம்.

பத்தியம்ங்கிற பேர்ல முட்டை, மீன், கறி எல்லாத்தையும் நிறுத்தி வெறும் ரசம் சோறு போடுறது எனக்கு நிஜமாவே மனசு பொறுக்காது. புண் ஆறுறதுக்கே புரதம் வேணும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர், எது இறங்குதோ குடுங்க. காயத்துல மஞ்சள், தேங்கா எண்ணெய் எதுவும் தடவாதீங்க.

ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி கவனிக்க வேண்டியதும் இருக்கு. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரை, சுகர் மாத்திரை, சித்த மருந்து, எது சாப்பிட்டாலும் மறைக்காம சொல்லணும், நீங்களா நிறுத்தவும் கூடாது. தாலி, மெட்டி, வளையலை எல்லாம் கழட்டச் சொல்லுவாங்க, தியேட்டர் வாசல்ல வச்சு அழுகையும் வாக்குவாதமும் வேணாம், முந்தின நாளே மஞ்சள் கயித்துக்கு மாத்திடுங்க. முன்பக்கம் ஜிப் வச்ச நைட்டி நாலஞ்சு எடுத்து வைங்க, தலை வழியா மாட்டுறது ரொம்ப கஷ்டம்.

மார்பகத்தை முழுசா எடுத்தாதான் பாதுகாப்புன்னு சொந்தக்காரங்க முடிவு பண்றதும் தப்புதான். அமெரிக்காவுல பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியில உம்பெர்ட்டோ வெரோனேசிங்கிற ரெண்டு ஆபரேஷன் டாக்டர்கள் 20 வருஷம் தொடர்ந்து பாத்து 2002ல வெளியிட்ட ஆய்வுகள்ல, ஆரம்பக் கட்டத்துல கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் குடுத்தவங்களும் முழுசா எடுத்தவங்களும் ஒரே அளவுதான் உயிர் பிழைச்சிருந்தாங்க. எல்லாருக்கும் பொருந்தாது, ஆனா கட்டியை மட்டும் எடுத்தா போதுமான்னு கேக்குறது நோயாளியோட உரிமை.

அக்குளும் மேல்கை உள்பக்கமும் மரத்துப்போனா பயப்படாதீங்க, அங்க ஓடுற நரம்பு பாதிக்கிறதால வர்றது. ஆனா கை வீங்கினாலோ, சிவந்து சூடா இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருந்துக்கடையில ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டு ரெண்டு நாள் பாக்கலாம்னு இருக்காதீங்க, ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுங்க.