எம்-1 எனப்படும் முதல் பருவக் கணிதத் தாளில் சறுக்கியவர் அமெரிக்காவில் புள்ளியியல் முதுநிலைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

பொறியியல் முடித்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புள்ளியியல் முதுநிலைக்கு விண்ணப்பிக்க முனையும் பலருக்கு, முதலாண்டில் அலட்சியமாக எழுதிய கணிதத் தாள்களே பின்னாளில் தடையாக நிற்கின்றன. சி.ஜி.பி.ஏ. எட்டைத் தாண்டியிருந்தாலும் கணிதத்தில் ஓர் அரியர் இருந்தால், சேர்க்கைக் குழுவின் கண் அங்கேதான் போகும். மொத்தச் சராசரியைக் காட்டிலும், பன்மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகியவற்றில் மாணவர் எப்படித் தேறினார் என்பதையே அவர்கள் தேடுகிறார்கள். முனைவர் பட்டத்துக்கு என்றால், நுண்கணிதத்தின் அடிப்படைகளை நிறுவல்களோடு படிக்கும் ரியல் அனாலிசிஸும் சேர்ந்துகொள்ளும்.

எனவே முதலில் உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பாட வாரியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் அணிகள், பன்மாறிச் சார்புகள், பன்மடித் தொகையீடுகள் எல்லாம் முதல் பருவத்தின் ஒரே தாளில் அடங்கியிருப்பதால், அந்த ஒரு தாளில் சறுக்கினால் நேரியல் இயற்கணிதம், பன்மாறி நுண்கணிதம் என்ற இரண்டு முன்தேவைகள் (சேர்க்கைக்கு முன்பே படித்திருக்க வேண்டிய பாடங்கள்) ஒருசேரப் பலவீனமாகின்றன. இதிலேயே ஒரு வசதியும் உண்டு: எந்தப் பகுதியை மீண்டும் நிரூபிக்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

அந்த நிரூபணம் கண்காணிப்புடன் நடந்த தேர்வின் மதிப்பெண்ணாக இருக்க வேண்டும். காணொளிகளைப் பார்த்து முடித்ததற்குக் கிடைக்கும் சான்றிதழ்களுக்கு, வெளிப்படையாகச் சொன்னால், பெரிய மதிப்பில்லை. ஐ.ஐ.டி.கள் முதலியவை நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்.பி.டி.இ.எல்.லின் 12 வாரப் பாடங்களில் பொதுவாக ஒப்படைப்புகளுக்கு 25 விழுக்காடும், மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் ஒதுக்கப்படுவதால், அவற்றை நம்பிக் காட்டலாம். செலவு செய்ய முடிந்தவர்களுக்கு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் இணையவழியில் கணிதப் பாடங்கள் நடத்தும் நெட்மேத் திட்டம் இன்னும் வலுவானது; அதில் பெறும் கிரேடு அப்பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்கிரிப்டிலேயே (அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலிலேயே) பதிவாகும். பல துறைகளின் கடைசி நாள் டிசம்பர், ஜனவரியில் வருவதால், என்.பி.டி.இ.எல்.லின் ஜூலைப் பருவத்தை நம்பாமல் ஜனவரிப் பருவத்திலேயே பாடத்தை எடுத்துவிடுவது பாதுகாப்பு.

அமெரிக்க மேற்படிப்புச் சேர்க்கைக்கு எழுதும் ஜி.ஆர்.இ. பொதுத் தேர்வின் கணிதப் பகுதியில் முழு மதிப்பெண்ணான 170 வாங்கினால் பழைய அரியர் மறக்கப்படும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் கேட்கப்படுவது பெரும்பாலும் பள்ளிக் கணிதம். அங்கே குறைந்தால் சந்தேகம் வலுக்குமே தவிர, நிறைந்ததால் மட்டும் பழைய குறை தீராது. ஜி.ஆர்.இ. கணிதப் பாடத் தேர்வு வேறு வகை: 66 கேள்விகள், 2 மணி 50 நிமிடம், ஏறத்தாழப் பாதி நுண்கணிதம். முனைவர் பட்டத்துக்கு முயல்பவர்கள் அதை எழுதிப் பார்க்கலாம். துறை கட்டாயமாக்காதவரை, மதிப்பெண் சுமாராக வந்தால் அனுப்பத் தேவையில்லை.

பரிந்துரைக் கடிதங்களில், துறைத் தலைவரின் வழக்கமான இரண்டு பத்திப் பாராட்டைவிட, உங்கள் புராஜெக்டில் நீங்கள் ஒரு கணித மாதிரியை (மாடல்) வருவித்ததையோ ஒரு நிறுவலில் இருந்த பிழையைக் கண்டுபிடித்ததையோ நேரில் பார்த்த இளம் உதவிப் பேராசிரியரின் கடிதம் பயன் தரும். பழைய மதிப்பெண் பட்டியலையும் புதியதையும் அவரிடம் சேர்த்தே கொடுங்கள். எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவருக்குப் புரியும்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கையில் (எஸ்.ஓ.பி.) இந்தப் பழைய மதிப்பெண் விஷயத்துக்கு இரண்டு வாக்கியங்கள் போதும்: என்ன நடந்தது, அதன்பின் எந்தப் பாடத்தில் எவ்வளவு பெற்றேன். உடல்நலக் குறைவோ குடும்பச் சூழலோ உண்மையான காரணமாக இருந்தால் சொல்லலாம், மன்றாட வேண்டாம். முன்தேவைப் பாடங்களின் உள்ளடக்கத்தைச் சில துறைகள் தனிப் படிவத்தில் கேட்கும். தாளின் பெயரை மட்டும் எழுதாமல், அதில் படித்த தலைப்புகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

துறைகளைத் தெரிவு செய்யும்போது, கோட்பாட்டுக்குப் பெயர்பெற்றவற்றோடு, பொதுச் சுகாதாரப் பள்ளிகளில் உள்ள உயிர்ப்புள்ளியியல் முதுநிலைகளையும் பாருங்கள். அவற்றில் பல நுண்கணிதத்தையும் நேரியல் இயற்கணிதத்தையும் தாண்டிக் கேட்பதில்லை. புதிய மதிப்பெண் கையில் வருமுன் கடைசி நாள் வந்துவிடுமானால், அரைகுறை விண்ணப்பத்துக்குக் கட்டணம் கட்டுவதைவிட அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே மேல் என்பது என் கருத்து.