தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் தூண்டில் போடப் போகிறீர்களா?

திருநெல்வேலியிலிருந்து கிளம்பும்முன் ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டித் தண்ணீர் போகிறதா என்று விசாரியுங்கள். தாமிரபரணியின் கடைசி அணை அதுதான், அங்கிருந்து வரும் வெள்ளமும் வண்டலும்தான் புன்னைக்காயல் கரையை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் மணல்திட்டை உடைக்கும், கோடையில் அலை திரும்பக் கட்டிவிடும். (பழைய துறைமுகமான கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே தள்ளி இருப்பதும் இந்த வண்டலால்தான்.)

சரி, போனதும் அலையைப் பாருங்கள். வெள்ளையாக உடையும் இடத்தில் அடியில் திட்டு. உடையாமல் வழுவழுவென்று கிடந்தால் ஆழமான ஓட்டம், இறங்கவே கூடாது. கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சேரும் கோட்டோரம் வீசுங்கள், கடல் ஏறும்போது மடவை மீன் ஆற்றுக்குள்ளே வரும், அதைத் தின்னப் பின்னாலேயே கொடுவா மீனும் வரும். கொடுவாவுக்கு உயிர் இறால் கோர்க்கலாம். மடவைக்குத் தூண்டில் அவ்வளவாகச் சரிப்படாது, வீச்சு வலைதான்.