நெடுந்தீவுக்கு ஒரு கழிவு உபவிதி வரைவது எப்படி

யாழ்ப்பாண மாவட்டத்தின் நெடுந்தீவுக்குத் திண்மக்கழிவு உபவிதி (பிரதேச சபை தன் எல்லைக்குள் இயற்றும் துணைச் சட்டம்) வரைய அமர்பவர்கள், பேனாவை எடுக்குமுன் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93ஆம், 94ஆம் பிரிவுகளை வாசித்துவிட வேண்டும். குப்பையை அகற்றும் கடமையை முன்னது சபையின்மேல் சுமத்துகிறது. சேகரித்த குப்பை சபையின் சொத்து என்று பின்னது கூறுகிறது. ஆகவே, கூட்டெருவையும் வெற்றுப் போத்தல்களையும் விற்பதற்குப் புதிய அதிகாரம் தேடி அலைய வேண்டியதில்லை.

தேசியத் தடைகளையும் மீண்டும் எழுத வேண்டாம். 20 மைக்ரோன் அல்லது அதற்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீன், சோறு பொதியும் லஞ்ச் சீற், ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியவை 2017 செப்டெம்பரிலும், ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் கரண்டி, தட்டு, ஏன், இடியப்பத் தட்டுங்கூட 2023 ஒக்டோபரிலும் தடைசெய்யப்பட்டன. அவற்றைச் சுட்டினால் போதும். தாய்ச் சட்டத்தோடு, அதாவது தனக்கு மேலான நாட்டுச் சட்டத்தோடு, முரண்படும் உபவிதி நிற்காது.

உழைப்பைச் செலவிட வேண்டிய இடம் தீவுக்கே உரிய இரண்டு சிக்கல்கள். தரை சுண்ணக்கல், கிடங்கில் கொட்டும் அழுக்கு விரைவாக நன்னீர்க் கிணறுகளுக்கு இறங்கிவிடும் என்பதால், கிணற்றுக்கும் குப்பைக் கிடங்குக்கும் இடையிலான தூரத்தை வரைவு எண்ணால் குறிப்பிட வேண்டும், "போதிய தூரம்" என்ற சொல் வழக்கில் எவரையும் கட்டாது. மற்றது படகு. குப்பையாகப்போகும் பொதிகளிற் பெரும்பகுதி குறிகட்டுவானிலிருந்து ஏறிவருகிறது. ஆனால் அந்த இறங்குதுறை புங்குடுதீவில், வேலணைப் பிரதேச சபையின் எல்லைக்குள் இருப்பதால், நெடுந்தீவுச் சபையின் உபவிதி அங்கே செல்லாது. எனவே வெற்றுப் போத்தல்களைத் திரும்பப் பெற்று வைக்கும் பொறுப்பைத் தீவில் கடை வைத்திருக்கும் வர்த்தகர்மீது சுமத்தி, அவற்றை அக்கரையில் இறக்குவதற்கு வேலணைச் சபையுடன் தனியே எழுத்து உடன்பாடு செய்துகொள்வதே வழி. உடன்பாடு கைக்கு வருமுன் வாசகத்தை முடித்துவிட்டால், கடைக்காரர் சேர்த்த போத்தல்கள் கடையின் பின்புறத்திலேயே கிடக்கும்.

தண்டம் சட்டம் அனுமதிக்கும் உச்சத்தைத் தாண்டக் கூடாது. பரிசோதிக்கும் உத்தியோகத்தரின் பதவியையும் பெயரிட வேண்டும். சபைத் தீர்மானம், மாகாண அமைச்சரின் அங்கீகாரம், வர்த்தமானி என்ற வரிசையில் இறுதிப்படி தவறினால் ஒரு ரூபாகூடத் தண்டமாக அறவிட முடியாது. வெளிவந்த பிரதியொன்றை நெடுந்தீவின் மாவிலித்துறை இறங்குதுறையிலும் ஒட்டிவிடுங்கள்.